நிலவில் கொடி அசைந்தது எப்படி?

கேள்வி: காற்றே இல்லாத நிலவில் அமெரிக்கக் கொடி அசைந்தது எப்படி? 1969இல் மனிதன் அங்கே இறங்கியது உண்மைதானா?

பதில்: உண்மைதான். கொடி தொங்கிவிடாதிருக்க அதன் மேல்விளிம்பில் ஒரு குறுக்குக் கம்பியைச் செருகியிருந்தார்கள்; ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் அந்தக் கம்பியை முழுவதுமாக நீட்ட முடியாமற்போனதால் துணியில் விழுந்த சுருக்கங்களே புகைப்படத்தில் அசைவைப் போலத் தோன்றுகின்றன. அவர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான் மீது பூமியிலிருந்து லேசர் கதிரைச் செலுத்தி, இடையிலுள்ள தொலைவை விஞ்ஞானிகள் இன்றும் அளந்து வருகிறார்கள். நிலவிலிருந்து வந்த தொலைக்காட்சி ஒளிபரப்பின் மூல நாடாக்களை நாசா பத்திரப்படுத்தாமல் விட்டது (மறுபயன்பாட்டுக்காக அழிக்கப்பட்டிருக்கலாம் என்று அவர்களே 2009இல் கூறினார்கள்) பெரிய அலட்சியம். ஐயங்களுக்கு அதுவும் தீனி போட்டது. ஆனால் அவர்கள் நிலவில் இறங்கிய அதே நாட்களில், அமெரிக்காவின் போட்டி நாடான சோவியத் யூனியனின் லூனா 15 விண்கலமும் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. பொய்யென்றால் முதலில் அம்பலப்படுத்தியிருக்கக்கூடியவர்கள் அவர்களே.