இலோய்லோ மண்ணும் ஒரு மாத்திரையும் (கடிதம்)

வணக்கம் சார்,

நான் தோஹாவுல ஸ்டாஃப் நர்ஸ். என்கூட நைட் டூட்டி பாக்குறவங்க பிலிப்பைன்ஸ், இலோய்லோ ஊரு. நான் அவங்கள 'ஆத்தே'ன்னுதான் கூப்பிடுவேன், பிலிப்பைன்ஸ்காரங்க அக்காவ அப்படித்தான் கூப்பிடுவாங்க. அவங்க நாட்டு குழந்தைங்க டாக்டர் ஃபே டெல் முண்டோ அம்மா பத்தி நீங்க எழுதினத சொன்னேன், கண்ணு கலங்கிட்டாங்க. அவங்க பொண்ணு ஆறாவது படிக்குது, சயின்டிஸ்ட் ஆகணும்னு அடம் பிடிக்குதாம். "எங்க ஊர்ல சயின்டிஸ்ட்ட யாரு மதிக்கிறா, நர்சிங் படிச்சா வெளிநாடாவது போகலாம்"ங்கிறாங்க. நெஜமாவே அப்படித்தானா சார்?

எஸ்., தோஹா

அன்புள்ள எஸ்.,

ஆத்தே சொல்றதுல பாதி உண்மை இருக்கு, அதுவும் இலோய்லோக்காரங்க சொல்றப்போ மறுத்துப் பேச வாய் வரல. எரித்ரோமைசின்ங்கிற ஆன்டிபயாடிக் மாத்திரைய வார்டுல எத்தனை பேருக்கு எடுத்துக் குடுத்திருப்பீங்க, அது அவங்க ஊரு மண்ணுலேர்ந்து வந்த மருந்து. அபெலார்டோ ஆகிலார்னு ஒரு டாக்டர், எலி லில்லி கம்பெனிக்கு வேலை பாத்தவரு, 1949-ல இலோய்லோ மண்ண எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினாரு, அதுல இருந்த ஒரு நுண்ணுயிர்லேர்ந்துதான் மருந்தப் பிரிச்செடுத்து 1952-ல விக்க ஆரம்பிச்சாங்க. பெனிசிலின் ஒத்துக்காத நோயாளிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஊரு பேர வச்சே மருந்துக்கு இலோடைசின்னு பேரு வச்சாங்க, மண்ண அனுப்பின மனுஷனுக்கு ராயல்டின்னு ஒரு காசு வரல, 1993-ல அப்படியே போய்ச் சேந்துட்டாரு. நினைச்சாலே வயிறு எரியுது எனக்கு.

ஆனா மரியாதையே இல்லைன்னும் சொல்ல முடியாது. 'தேசிய விஞ்ஞானி'ன்னு ஒரு உச்ச விருது இருக்கு, ஃபே டெல் முண்டோவுக்கு 1980-ல குடுத்தாங்க, அத வாங்கின முதல் பெண் அவங்கதான். கரண்ட் இல்லாத கிராமத்துக்காக, ரெண்டு அழுக்குத்துணிக் கூடைய ஒண்ணுக்குள்ள ஒண்ணு வச்சு, இடுக்குல சுடுதண்ணி பாட்டில சொருகி இன்குபேட்டர் செஞ்சவங்க. குறைமாசக் குழந்தை அந்தக் கூடைக்குள்ள கதகதப்பா கிடக்கும். 1957-ல குழந்தைங்க ஆஸ்பத்திரி தொடங்குறதுக்கு சொந்த வீட்டையே வித்துட்டு அந்த ஆஸ்பத்திரி மாடியிலேயே குடியிருந்தாங்க. எழுபது வயசு நெருங்குறப்போ வந்த பட்டத்த நான் குறை சொல்லல, ஆனா வீட்ட விக்கிற அன்னிக்கு கூட நிக்கிறதுதான் ஊக்கம்.

பால்டோமெரோ ஒலிவேராங்கிற பிலிப்பைன்ஸ் விஞ்ஞானி கதையும் இதேதான். ஸ்டான்ஃபோர்டுல டிஎன்ஏ ஆராய்ச்சி பண்ணிட்டு ஆசையா மணிலா திரும்பினாரு, வந்து பாத்தா அந்த வேலைக்கான கருவி எதுவும் இல்ல. கருவி இல்லைன்னா என்ன, கடல் இருக்கேன்னு கூம்பு நத்தைய எடுத்தாரு. கொட்டியே மீனப் பிடிக்கிற நத்தை அது, ஒரு வகை கொட்டினா மனுஷனே செத்துருவான். அந்த விஷத்துல என்னதான் இருக்குன்னு லூர்துஸ் க்ரூஸ்ங்கிற பெண் விஞ்ஞானியும் அவரும் சேந்து தேட ஆரம்பிச்சாங்க. பின்னாடி அவரு யூட்டாவுக்குப் போயிட்டாரு, அங்க அவரோட லேப்ல இன்னொரு கூம்பு நத்தை விஷத்துல கண்டுபிடிச்ச பொருள்தான் சிகோனோடைடு, தாங்கமுடியாத வலிக்கு முதுகுத்தண்டு நீர்ல நேரா செலுத்துறது, மார்ஃபின் மாதிரி அடிமையாக்காது, 2004-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. நத்தை பிலிப்பைன்ஸ் கடல்ல, லேப் அமெரிக்காவுல. க்ரூஸ் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்துல இருந்து 2006-ல தேசிய விஞ்ஞானி ஆனாங்க.

கருவியும் சம்பளமும் இருந்தா அந்த நாட்டு மண்ணுலயே என்ன நடக்கும்னு நம்ம நெல்லு விவசாயிங்களுக்கே தெரியும், ஐஆர்8 நெல்லு வந்தது பிலிப்பைன்ஸ்ல லாஸ் பான்யோஸ்ங்கிற ஊர்ல இருக்குற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்துதான், நம்ம எம்.எஸ். சுவாமிநாதன் 1982-லேர்ந்து 1988 வரைக்கும் அந்த நிலையத்துக்குத் தலைவரா இருந்தாரு. வெளிநாட்டுல இருக்குற விஞ்ஞானிங்கள திரும்பக் கூப்பிட அரசு 'பாலிக் சயின்டிஸ்ட்'னு ஒரு திட்டத்த 1975-லயே ஆரம்பிச்சது, பாலிக்னா திரும்பி வர்றது, 2018-ல அத சட்டமாவே ஆக்கிட்டாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இருக்கு, வர்றவங்களுக்கு டிக்கெட்டோட லேப்பும் சேத்துக் குடுத்தா.

இப்ப ஆத்தே பொண்ணு விஷயம். பிலிப்பைன் சயின்ஸ் ஹைஸ்கூல்னு அரசு பள்ளிக்கூடம் இருக்கு, 'பிசாய்'னா அங்க எல்லாருக்கும் தெரியும், இலோய்லோவுலயே ஒரு கேம்பஸ் இருக்கு. ஆறாவது படிக்கிற பிள்ளைங்கதான் பரிட்சை எழுதணும், பாஸ் ஆனா ஃபீஸ் கிடையாது, மாசாமாசம் உதவித்தொகை வரும், காலேஜ்ல அறிவியல் சம்பந்தப்பட்ட படிப்புதான் எடுப்பேன்னு கையெழுத்து போடணும். ஆத்தேவுக்கு இது தெரிஞ்சுதான் இருக்கும், பயத்துல பேசாம இருக்காங்கன்னு தோணுது. அடுத்த நைட் டூட்டில கொஞ்சம் ஓய்வு கிடைச்சா பக்கத்துல உக்காந்து ஆகிலார் கதைய சொல்லுங்க, அப்புறம் ஃபாரம் போட கடைசித் தேதி என்னன்னு அவங்க ஃபோன்லயே ரெண்டு பேரும் சேந்து பாருங்க.