மூன்று குழு, ஒரே தேதி வேண்டாம்

கேள்வி: சென்னையில் தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கிறேன். விக்கிப்பீடியா, விக்கிமூலம், விக்சனரி என மூன்று குழுக்கள். மூன்றிலும் காட்சித் தொகுப்பானை (விக்கிக் குறிகள் அடிக்காமல், பக்கம் தெரிவது போலவே திருத்தும் கருவி) ஒரே நாளில் பழக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். 2013 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் இதை எல்லோருக்கும் இயல்பாகத் திறந்துவிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பி, செப்டம்பரிலேயே விரும்புபவர்களுக்கு மட்டும் என்று சுருங்கியது.

விக்கிப்பீடியா குழுவில் தொடங்குங்கள். உரைநடை அதிகம், பலன் உடனே தெரியும். அதற்கு முன் வார்ப்புருக்களை, அதாவது பல பக்கங்களில் திரும்பத் திரும்பப் பயன்படும் ஆயத்தக் கட்டங்களை, கவனிக்க வேண்டும். ஒரு வார்ப்புருவுக்கு 'டெம்ப்ளேட் டேட்டா' என்ற புல விவரம் எழுதப்படாவிட்டால், அதைச் சேர்க்கப் போகிறவர் முன் விளக்கமில்லாத பெட்டி திறக்கும். எந்தப் புலத்தில் என்ன எழுதுவது என்று புரியாது. அதிகம் பயன்படும் தகவற்பெட்டி, மேற்கோள் வார்ப்புருக்களுக்கு மட்டுமாவது, புலங்களின் பெயரையும் விளக்கத்தையும் தமிழில் எழுதி வையுங்கள். பயிற்சியில் பாதிச் சிக்கல் இங்கேதான் வரும்.

அடுத்தது தட்டச்சு. ஒலிபெயர்ப்பு முறையில் அடிக்கும்போது முந்தைய எழுத்தே மாறிக்கொண்டிருக்கும்: 'க்' என்பது 'க' ஆகி, பிறகு 'கா' ஆகும். அந்த நேரத்தில் தொகுப்பானும் பக்கத்தை மாற்றினால் எழுத்து இரட்டிக்கும், சுட்டி தாவும். தமிழ்99, ஒலிபெயர்ப்பு, கைப்பேசி விசைப்பலகை மூன்றிலும், குழுவினர் வைத்திருக்கும் உலாவிகளிலேயே, மணல்தொட்டி எனும் பயிற்சிப் பக்கத்தில் ஒரு பத்தி அடித்துப் பாருங்கள். பின்நகர்வு விசை முழு எழுத்தை அழிக்கிறதா, துணைக்குறியை மட்டுமா என்பதும் உலாவிக்கு உலாவி வேறுபடலாம்.

பழைய கைகள் பழக்கத்தில் தடித்த எழுத்துக்கு மூன்று ஒற்றை மேற்கோள் குறிகளை அடிப்பார்கள். காட்சி முறையில் அது தடிக்காது. சேமித்ததும் பக்கத்தின் மூலக் குறியீட்டில், 'இதை விக்கிக் குறியாகக் கொள்ளாதே' என்று சொல்லும் 'நோவிக்கி' குறி ஒட்டிக்கொள்ளும். முதல் இரண்டு வாரம், அண்மைய மாற்றங்களில் காட்சித் தொகுப்புக் குறிச்சொல்லை வடிகட்டி ஒருவர் தினமும் பார்க்கட்டும்.

விக்கிமூலத்தில் வருடியில் எடுத்த பக்கப் படத்தையும் எழுத்தையும் அருகருகே வைத்து மெய்ப்புப் பார்ப்பதே வேலை. இந்தக் கருவியால் அவர்களுக்கு எந்த வேலை மிச்சமாகும் என்று முதலில் அவர்களிடமே கேளுங்கள். விக்சனரியை வற்புறுத்தாதீர்கள், அங்கே பதிவு முழுக்கத் தலைப்பும் வார்ப்புருவும்தான்.

பயிற்சி வகுப்பை ஒரே வைஃபையில் நடத்தினால் இன்னொரு சங்கடம்: ஓர் ஐபி முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு பொதுவாக ஆறு கணக்குகள்தான் திறக்கலாம். ஏழாவது ஆள் வாசலிலேயே நிற்பார். வீட்டிலேயே கணக்குத் திறந்துவிட்டு வரச் சொல்லுங்கள். குறிகளோடு எழுதும் மூலத் தொகுப்புக்குத் திரும்பும் வழியையும் அன்றே காட்டிவிடுங்கள்.