காவிரி உறையும்போது

அன்புள்ள ஐயா,

சோழநாட்டைப் போன்ற கற்பனை நாடொன்றில் முடிவில்லாத குளிர்காலம் வருவதாக ஒரு மிகுபுனைவு நாவல் எழுதுகிறேன். முதல் அத்தியாயத்தில் ஒரே இரவில் பனி கொட்டி, விடிவதற்குள் காவிரி கண்ணாடியாக உறைகிறது. குதிரைப்படை அதன்மேல் பாய்ந்து அக்கரை சேர்கிறது. படித்த நண்பர்கள், 'இங்கிலீஷ் படம் மாதிரி இருக்கு, நம்ம ஊர் மாதிரி இல்லை' என்கிறார்கள். பனிப்பொழிவையே பார்க்காத நாம் அதை எழுதக்கூடாதா?

ர., மயிலாடுதுறை

அன்புள்ள ர.,

தாராளமாக எழுதலாம். ஆனால் உங்கள் பனி எந்த வேலையும் செய்யாமல் வெள்ளைத் திரையாகத் தொங்குகிறது. இத்தாலியக் கவிஞர் தாந்தே காட்டும் நரகத்தில் அடியாழத்தில் கிடப்பது உறைந்த ஏரி. சாத்தான் சிறகடிக்கும் காற்றில்தான் அது உறைகிறது. குளிர் எங்கிருந்து கிளம்புகிறது என்று படிப்பவனுக்குத் தெரிகிறது. உங்களுடையது எங்கிருந்து வருகிறது, முதலில் எதைக் கொண்டுபோகிறது?

டெல்டாவில் அது முதலில் கொண்டுபோவது நெல்லைத்தான். சம்பாப் பயிர் தண்டுக்குள் கதிரைப் பொதி கட்டிப் பூக்கும் நாட்களில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கி அப்படியே நின்றால் மகரந்தம் கெடும், மணி பிடிக்காது. பயிர் பச்சையாகத்தான் நிற்கும், ஒருவருக்கும் சந்தேகம் வராது. தையில் களத்தில் தூற்றும்போது முறத்திலிருந்து எல்லாமே காற்றோடு போகும், காலடியில் நெல் விழாது. அத்தனையும் பதர். ஒரு துளி பனி விழுவதற்கு முன்பே ஊர் பட்டினியில் இருக்கிறது. உறைபனி இறங்கும் முதல் இரவுக்கு வாழைத்தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விடிந்து வெயில் ஏறியதும் இலைகள் வெந்ததுபோலக் கறுத்துத் தொங்கும்.

இனி ஆறு. ஒரே இரவில் உறையாது. முதலில் குட்டையும் குளமும், பிறகு வாய்க்கால், கடைசியில்தான் ஆறு. ஓடும் நீர் மேலும் கீழும் கலந்துகொண்டே இருப்பதால் முழு ஆழமும் 0 டிகிரிக்கு வந்தாக வேண்டும். அப்போதும் கரையோரம்தான் முதலில் பிடிக்கும். நடு ஓட்டத்தில் பொடிப்பொடியான பனித்துகள்கள் நொய்க்கஞ்சி மாதிரி மிதந்து வரும். அவை மதகில் ஒட்டி அடைத்தால் மேற்கே நீர் ஏறிக் கரை வழியும். உறைகிற ஆற்றில் வெள்ளம்! இதை விட்டுவிட்டீர்களே என்றுதான் எனக்கு ஆதங்கம்.

பனி கொட்டியதால் ஆறு உறைந்தது என்பதும் தலைகீழ். பெய்த பனி கம்பளிபோல மூடிக்கொண்டு, கீழே பனிக்கட்டி தடிப்பதைத் தாமதப்படுத்தும். தெளிந்த வானமும் காற்றில்லாத இரவுகளும்தான் உங்களுக்கு வேண்டும். நல்ல தெளிவான கட்டி 4 அங்குலம் இருந்தால் ஓர் ஆளைத் தாங்கும். குதிரைப்படைக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும், அப்போதும் வரிசையைத் தளர்த்தி நடத்திப் போக வேண்டும். பாய்ந்தால் குளம்பு வழுக்கும். கதையை மாசி, பங்குனிக்குத் தள்ளாதீர்கள், ஆற்றில் மணல்தான் இருக்கும்.

கட்டி எப்படி இருக்கும் என்று பார்க்க நாகப்பட்டினம் துறைமுகம் போதும். மீனுக்கு இறக்கும் ஐஸ் பாரை உடைப்பதற்கு முன் உற்றுப் பாருங்கள். ஓரமெல்லாம் கண்ணாடி, நடுவில் மட்டும் பால் வெள்ளை. வெளியிலிருந்து உள்ளே உறைந்துகொண்டு போகும்போது நீரில் கரைந்திருந்த காற்று நடுவுக்குத் தள்ளப்பட்டுக் குமிழாகச் சிக்கிக்கொள்கிறது. ஆற்றிலும் வெளுத்த கட்டி தெளிந்ததைவிட வலு குறைந்தது. உங்கள் படகோட்டிக்கு இந்த நிற வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும், தளபதிக்குத் தெரியாமல் இருக்கட்டும்.

சொல்லிலும் கவனம் வேண்டும். 'பனி பெய்தது' என்று எழுதினால் நம் வாசகருக்கு மார்கழி விடியலில் தலை நனைவதுதான் நினைவுக்கு வரும். உங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆலங்கட்டி தெரியும். 'ஆலங்கட்டி மாவா உதிருது' என்று ஒரு கிழவி சொல்லட்டும், அங்கிருந்து சொல் வளரட்டும். நெடுநல்வாடையில் நக்கீரர் குளிரைக் காட்டும் விதத்தையும் பாருங்கள்: கோவலர் நெருப்பில் கை காய்ச்சியும் கன்னம் நடுங்குகிறார்கள், பால் குடிக்க வரும் கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது. அந்தப் பசு உங்கள் முதல் அத்தியாயத்துக்குப் போதும். குதிரைப்படை ஐந்தாவது அத்தியாயத்தில் வரட்டும்.