மெடிக்கலில் ‘ஹெபடைடிஸ் பி’ என்று வந்துவிட்டது: அவசரம் யாருக்கு?

கேள்வி: எனக்கு 31 வயது, ஏசி மெக்கானிக். குவைத் வேலைக்காக மெடிக்கல் எடுத்தபோது ‘எச்பிஎஸ்ஏஜி ரியாக்டிவ்’ என்று எழுதி அன்ஃபிட் போட்டுவிட்டார்கள். வேறொரு லேபில் எடுத்துப் பார்த்தேன், அதே முடிவு. கல்லீரல் பரிசோதனையில் எஸ்ஜிஓடி 32, எஸ்ஜிபிடி 36; பிளேட்லெட் 2.5 லட்சம். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை, காமாலையும் வந்ததில்லை. மனைவி ஐந்து மாதக் கர்ப்பம். “இது எங்கிருந்து வந்தது?” என்று கேட்கிறாள். எனக்கே தெரியவில்லை. அம்மா என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். மூன்று மாதம் மருந்து சாப்பிட்டால் நெகட்டிவ் ஆகிவிடும், அதற்கு ஆள் இருக்கிறது என்கிறார் ஏஜென்ட். கீழாநெல்லி குடித்தால் போகுமா? குழந்தைக்கு வருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டை நெகட்டிவ் ஆக்க வேண்டும் என்ற உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் இன்றே ஓடியாக வேண்டிய நிலையில் உங்கள் கல்லீரல் இருப்பதாக நீங்கள் அனுப்பிய எண்கள் காட்டவில்லை. நாள் எண்ணிப் பார்க்க வேண்டியது உங்கள் மனைவிக்கும் பிறக்கப்போகும் குழந்தைக்கும்தான்.

கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில், ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்பில் இருக்கிறதா என்று காட்டும் எச்பிஎஸ்ஏஜியும் உண்டு. மனைவியின் தாய் சேய் அட்டையை எடுத்து, அந்த முடிவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ‘நெகட்டிவ்’ என்று இருந்தாலும் அதோடு விட்டுவிடக் கூடாது. அப்போது உங்களுக்கு இருப்பது யாருக்கும் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டதால் இந்த வாரமே மறுபடி ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். கூடவே ஆன்டி எச்பிஎஸ், ஆன்டி எச்பிசி என்ற இரண்டையும் கேளுங்கள். அவருக்கு ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா, எப்போதாவது வைரஸ் வந்து போயிருக்கிறதா என்பது அவற்றில் தெரியும்.

வைரஸும் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்றால் உடனே தடுப்பூசியைத் தொடங்கிவிடலாம். கர்ப்பத்தில் போடுவதால் ஆபத்து இல்லை. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. மூன்றும் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டி எச்பிஎஸ் அளவு 10-க்கு மேல் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவரை ஆணுறை பயன்படுத்துங்கள்.

அவருக்கும் பாசிட்டிவ் என்று வந்தால் கலங்கிப்போகாதீர்கள். ஐந்தாம் மாதத்தில் தெரிவது நல்ல நேரத்தில் தெரிவதுதான். எச்பிவி டிஎன்ஏ என்ற பரிசோதனையில் வைரஸின் அளவு இரண்டு லட்சத்தைத் தாண்டினாலோ, வைரஸ் மும்முரமாகப் பெருகுவதைக் காட்டும் ‘இ ஆன்டிஜென்’ பாசிட்டிவாக இருந்தாலோ, கர்ப்பத்தின் பின்பாதியில் டெனோஃபோவிர் மாத்திரை கொடுத்து அளவைக் குறைப்போம். இதற்காக மட்டும் சிசேரியன் செய்யத் தேவையில்லை. தாய்ப்பாலும் தாராளமாகக் கொடுக்கலாம்.

குழந்தை பிறந்த பிறகுதான் உண்மையான அவசரம். தாய்க்கு வைரஸ் இருந்தால் பிறந்த 24 மணி நேரத்துக்குள், முடிந்தால் 12 மணி நேரத்துக்குள், ஒரு தொடையில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் (வைரஸை எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் பொருள்) ஊசியும் போட வேண்டும். தாய்க்கு இல்லாவிட்டாலும் அந்தத் தடுப்பூசி குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள். சனிக்கிழமை ராத்திரி பிரசவமாகி, “தடுப்பூசி புதன்கிழமைதானே?” என்று சொந்தக்காரர்களே தள்ளிப்போடுவதை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஊசிக்கு அந்தக் கணக்கு கிடையாது. மனைவிக்குப் பாசிட்டிவ் என்றால் எட்டாம் மாதமே பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரியில் போய், இம்யூனோகுளோபுலின் ஃபிரிட்ஜில் வாங்கி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டுவிடுங்கள். எல்லா இடத்திலும் அது எப்போதும் கையிருப்பில் இருக்காது.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெரியவர்களுக்கு இந்த வைரஸ் புதிதாகத் தொற்றினால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே போய்விடும். பிறக்கும்போது தொற்றினால் நிலைமை தலைகீழ்: பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாள்பட்ட நோயாகத் தங்கிவிடும். எந்தத் தடுப்பும் இல்லாவிட்டால், வைரஸ் மிகுந்த தாய்மார்களின் குழந்தைகளில் பத்தில் ஏழு முதல் ஒன்பது வரை தொற்றுக்கு ஆளாகின்றன. சரியான நேரத்தில் இரண்டு ஊசியும் போட்டு, பிறகு 6, 10, 14-வது வாரங்களில் பென்டாவேலன்ட்டையும் (ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசி) தவறவிடாமல் போட்டுவிட்டால், மிகப் பெரும்பாலான குழந்தைகள் தப்பிவிடுகின்றன. தாய்க்குப் பாசிட்டிவ் என்றால் ஒன்பது மாதத்துக்கு மேல் குழந்தைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து உறுதி செய்துகொள்ளலாம்.

மேலே சொன்ன அதே கணக்கில் உங்கள் மனைவியின் கேள்விக்கும் பாதி பதில் இருக்கிறது. இந்த வைரஸ் ரத்தம், உடலுறவு, பிரசவம் ஆகிய மூன்று வழிகளில் பரவும். ஆனால் நம் ஊரில் முப்பது வயதில் ஒரு தொந்தரவும் இல்லாமல் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் பலருக்கும் அது பிறக்கும்போதோ சின்ன வயதிலோ வந்ததாகத்தான் இருக்கும். நீங்கள் பிறந்த காலத்தில் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இது கிடையாது. தமிழ்நாட்டில் பென்டாவேலன்ட் வந்ததே 2011 டிசம்பரில்தான். ஒரே ஊசியைக் கொதிக்கவைத்து ஊருக்கே போட்ட வழக்கமும் அன்று முழுதாகப் போயிருக்கவில்லை. எந்த நாளில், யாரிடமிருந்து வந்தது என்று எந்த லேபும் சொல்லிவிட முடியாது. ‘ஆன்டி எச்பிசி ஐஜிஎம்’ என்ற பரிசோதனை, தொற்று சமீபத்தியதா என்று ஓரளவு காட்டும். அதுவும் ஒருவருடைய நடத்தைக்குச் சான்றிதழ் இல்லை. ஆகவே இந்த ரிப்போர்ட்டை வைத்து வீட்டில் பஞ்சாயத்து வேண்டாம். மனைவியை அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், இதை அவர் வாயால் கேட்கவையுங்கள்.

அம்மா தட்டைத் தனியாக வைத்திருக்கிறார் என்றீர்கள். சேர்ந்து சாப்பிடுவதாலோ, ஒரே டம்ளரில் குடிப்பதாலோ, தும்மல் இருமலாலோ, கட்டிப்பிடிப்பதாலோ இது பரவாது. தட்டை மறுபடி அலமாரியில் வைத்துவிடலாம். தனியாக வைக்க வேண்டியவை ஷேவிங் ரேஸர், டூத் பிரஷ், நகவெட்டி. ரத்தம் பட வாய்ப்புள்ள பொருட்கள் இவைதான். காய்ந்த ரத்தத்திலும் இந்த வைரஸ் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். வேலையில் கையைக் கிழித்துக்கொண்டால் காயத்தை மூடிக்கொள்ளுங்கள், தரையில் சிந்திய ரத்தத்தை பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள். அப்புறம், உங்கள் அம்மாவுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் எச்பிஎஸ்ஏஜி எடுக்க வேண்டும். உங்களுக்குப் பிறப்பிலேயே வந்திருந்தால் அம்மாவுக்கும் இருக்கக்கூடும், இத்தனை வருஷமாக அவருக்கே தெரியாமல். இதை மெதுவாகச் சொல்லுங்கள். மகனுக்குத் தன்னால் வந்துவிட்டதே என்று அவர் மனம் உடைந்துவிடக் கூடாது. அவருக்கும் அது யாரோ கொடுத்ததுதானே.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். ‘ரியாக்டிவ்’ என்ற ஒற்றைச் சொல் வைரஸ் உள்ளே இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. எவ்வளவு இருக்கிறது, கல்லீரலைக் கெடுத்திருக்கிறதா என்பதெல்லாம் அதில் இல்லை. ஆறு மாதம் தாண்டியும் எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவாகவே இருந்தால்தான் நாள்பட்ட தொற்று என்போம். அதற்காக ஆறு மாதம் சும்மா இருக்க வேண்டாம். எச்பிவி டிஎன்ஏ, இ ஆன்டிஜென், வயிற்று ஸ்கேன், முடிந்தால் கல்லீரல் தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன், கூடவே ஹெபடைடிஸ் சி, எச்ஐவி பரிசோதனைகள் – இவற்றை இப்போதே எடுத்துவிடுங்கள். டிஎன்ஏ பரிசோதனைக்கு வெளியே சில ஆயிரம் ரூபாய் ஆகும். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் போய் விசாரியுங்கள்.

கையில் இருக்கும் எண்களை வைத்தே ஒரு சின்னக் கணக்குப் போடலாம். எஸ்ஜிஓடி 32-ஐ லேபின் உச்சவரம்பான 40-ஆல் வகுத்தால் 0.8. நூறால் பெருக்கினால் 80. அதைப் பிளேட்லெட்டால், அதாவது 250-ஆல் (ஆயிரங்களில்) வகுத்தால் 0.32. ஏப்ரி என்ற இந்த எண் 0.5-ஐத் தாண்டினால் கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கலாம், மாத்திரை தொடங்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். உங்களுடையது அதற்குக் கீழே. நல்லது. ஆனால் எஸ்ஜிபிடி 36-ஐ அப்படி விட மாட்டேன். லேப் தாளில் 40 வரை நார்மல் என்று அச்சிட்டிருப்பார்கள். அதே வழிகாட்டுதல் ஆண்களுக்கு 30-ஐத்தான் வரம்பாக வைக்கிறது. உங்கள் டிஎன்ஏ 2,000-க்கு மேல் வந்து, எஸ்ஜிபிடியும் இப்படியே 30-க்கு மேல் நின்றால், உடம்பு நன்றாக இருந்தாலும் மாத்திரை தொடங்குவது பற்றி டாக்டர் பேசுவார். ‘எல்லாம் நார்மல்’ என்று லேப்காரர் சொன்னதோடு வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

மாத்திரை என்றால் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர், தினம் ஒன்று. வைரஸ் பெருகுவதை இவை நன்றாக அடக்கும், முற்றிலும் துடைத்தெடுப்பது அபூர்வம். காரணம், கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வைரஸ் தன் மரபணுவின் பிரதி ஒன்றைப் பத்திரப்படுத்திவிடுகிறது. இன்றுள்ள மாத்திரைகளால் அதை அகற்ற முடியாது. அதனால்தான் பல வருடம் சாப்பிட வேண்டியிருக்கிறது. தீர்ந்துவிட்டது, ஊருக்குப் போய்விட்டேன் என்று திடீரென நிறுத்தினால் வைரஸ் பாய்ந்து எழுந்து கல்லீரலையே முடக்கிவிடலாம். நிறுத்துவதாக இருந்தால் டாக்டர்தான் நிறுத்த வேண்டும்.

அடுத்தது கீழாநெல்லி. இதைச் சிரித்து ஒதுக்குகிறவன் இல்லை நான். 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழு ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லிப் பொடி சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேருக்கு எச்பிஎஸ்ஏஜி மறைந்தது, மருந்தில்லாத வெறும் பொடி சாப்பிட்டவர்களில் 4 சதவீதம் பேருக்குத்தான் மறைந்தது என்று வந்தது. இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கும் அந்தக் கட்டுரை ஆசிரியர்களில் ஒருவர். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு பல இடங்களில் மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்றைய நிலையில் அது ஹெபடைடிஸ் பி-க்கு மருந்து என்று சொல்ல ஆதாரம் போதாது. கீழாநெல்லிக்கு நம் ஊரில் இருக்கும் நல்ல பெயரில் பெரும்பகுதி ஏ, இ வகைக் காமாலையால் வந்தது. அவை என்ன கொடுத்தாலும், கொடுக்காவிட்டாலும், பெரும்பாலும் சில வாரத்தில் தாமாகவே சரியாகிவிடும்.

மோரில் அரைத்து ஒருநாள் குடித்தால் குடி முழுகிவிடாது. நான் பயப்படுவது அதோடு சேர்ந்து வரும் பெயரில்லாத பொடி, லேகிய டப்பாக்களுக்கு. என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயத்தை மாதக்கணக்கில் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மருந்துக்குப் பதிலாக இவற்றை எடுத்து, கண் மஞ்சளாகி, கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்த பிறகு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஏஜென்டின் ‘மூன்று மாதம்’ பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். எச்பிஎஸ்ஏஜி தானாக மறைவது வருடத்துக்கு நூறு பேரில் ஒருவருக்கு நடக்கிற காரியம். விலை பேசி யாரும் செய்துதர முடியாது. கடைசியில் வேறொருவர் ரத்தத்தைக் கொடுக்கிற ஏற்பாட்டில்தான் இது போய் முடியும். அங்கே இறங்கியதும் இக்காமாவுக்கு (குடியிருப்பு அனுமதி) முன் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். அதில் மாட்டினால் கடனோடு திரும்பி வர வேண்டியதுதான். வளைகுடா தவிர்த்த நாடுகளில் விதிகள் வேறு வேறு, விசாரித்துப் பாருங்கள். உள்ளூரில் நீங்கள் ஏசி வேலை பார்ப்பதால் யாருக்கும் ஒரு ஆபத்தும் இல்லை. முதலாளிக்கோ வாடிக்கையாளருக்கோ சொல்ல வேண்டிய கடமையும் இல்லை.

பத்தியம் என்று எண்ணெயையும் மீனையும் விடத் தேவையில்லை. மதுவை மட்டும் முழுதாக விட்டுவிடுங்கள், பீரும் சேர்த்துத்தான். தொப்பை இருந்தால் குறையுங்கள், கொழுப்புக் கல்லீரலும் வைரஸும் சேர்வது நல்லதில்லை. உங்கள் பக்கம் கடலை விளையும் பூமி என்பதால் ஒன்று சொல்கிறேன்: பூஞ்சை பிடித்த நிலக்கடலையைத் தூக்கிப்போடுங்கள். அதிலுள்ள அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சும் இந்த வைரஸும் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய்க்கான ஆபத்து பல மடங்காகும்.

மாத்திரை தேவைப்படவில்லை என்று சொல்லி அனுப்பினாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எஸ்ஜிபிடி பார்ப்பதை விடாதீர்கள். டிஎன்ஏவும் ஸ்கேனும் எப்போது வேண்டும் என்று டாக்டர் சொல்வார். நாற்பது வயதைத் தாண்டினாலோ, குடும்பத்தில் யாருக்காவது கல்லீரல் புற்றுநோய் இருந்தாலோ, ஸ்கேனும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்றாகிவிடும். இந்த வைரஸில் கல்லீரல் சுருங்காமலேயே புற்றுநோய் வர முடியும். ரத்த தானம் இனி வேண்டாம். பல் டாக்டரிடமும் அறுவை சிகிச்சைக்கு முன்பும் சொல்லிவிடுங்கள். ஆஸ்துமா, மூட்டுவலி, தோல் நோய் என்று யாராவது பல வாரங்களுக்கு ஸ்டீராய்டு எழுதினால், சீட்டை வாங்குவதற்கு முன்பே ‘எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறது’ என்று சொல்லுங்கள். அடங்கிக் கிடக்கும் வைரஸை அந்த மருந்துகள் எழுப்பிவிடலாம். முன்கூட்டியே தெரிந்தால் தடுப்பு மாத்திரையோடு சேர்த்தே கொடுப்பார்கள்.