பாதி ரொட்டி கொடுத்த பையன்

அன்புள்ள ஐயா,

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவள் நான். என் மகன் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் தரம் முடித்து, இந்த வருடம் டவுன் பாடசாலையில் ஆறாம் தரத்தில் சேர்ந்தான். மூன்று மாதமாக நான்கைந்து பையன்கள் அவனை விடுவதில்லை. “தோட்டக்காட்டான்” என்று கூப்பிடுகிறார்களாம். இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைப் பறித்துக் கொட்டுகிறார்கள். ஒரு நாள் சப்பாத்தை மலசலகூடத்தில் போட்டுவிட்டார்கள். அன்று எங்கள் பக்கத்து லயத்து (தோட்ட வரிசைவீட்டு)ப் பையன் மட்டும் தன் ரொட்டியில் பாதியை அவனுக்குக் கொடுத்திருக்கிறான். திங்கட்கிழமை வந்தால் வயிற்றுவலி என்கிறான். “நீயும் திருப்பி அடி” என்கிறார் அவன் அப்பா. “பிள்ளைகள் விளையாட்டு” என்கிறார் வகுப்பாசிரியர். பாடசாலையை மாற்றிவிடலாமா?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதே மாற்றிவிட வேண்டாம். ஒரு தவறும் செய்யாத பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு வெளியேற, மற்றவர்கள் அடுத்த பிள்ளையைத் தேடுவார்கள். அந்த வயிற்றுவலியை நம்புங்கள். பயந்த பிள்ளைக்கு வயிறு உண்மையாகவே வலிக்கும்.

விளையாட்டு என்று சொன்ன ஆசிரியர் மீது எனக்குக் கோபம் வருகிறது. நோர்வேயில் 1982 இறுதியில் மூன்று சிறுவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமை அதற்குக் காரணமாகப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டே நாடு முழுவதும் பாடசாலைகளில் அதற்கு எதிரான இயக்கம் தொடங்கியது. அதை வழிநடத்திய உளவியலாளர் டான் ஒல்வேயஸ் இத்தகைய கொடுமைக்கு மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்க முடியாதவனிடம் செய்வது. உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன. பேர்கன் நகரத்தில் 42 பாடசாலைகளில் அவருடைய முறையைப் பின்பற்றியபோது, இரண்டு ஆண்டுகளில் இந்தக் கொடுமை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. செய்தவை பெரிய செலவில்லாதவை. இடைவேளையில் பெரியவர்கள் வெளியே நின்றார்கள், வகுப்பில் பிள்ளைகளோடு பேசி விதிகள் வைத்தார்கள், இரு தரப்புப் பெற்றோரையும் அழைத்துப் பேசினார்கள்.

நம் மலையகத்தில் பல தோட்டப் பாடசாலைகள் ஐந்தாம் தரத்தோடு நின்றுவிடுகின்றன. பத்துப் பதினொரு வயதில் லயத்துப் பிள்ளை பஸ் ஏறி, தன்னை யாருக்கும் தெரியாத இடத்தில் போய் இறங்குகிறது. அங்கே அதற்காகக் காத்திருக்கும் “தோட்டக்காட்டான்” என்ற சொல்லைப் பிள்ளைகளா உண்டாக்கினார்கள்? கடைத்தெருவிலும் வீட்டுத் திண்ணையிலும் பெரியவர்கள் பேசக் கேட்டு எடுத்துக்கொண்டார்கள். அதை உங்கள் மகன் மீது எறிகிற பையனின் பாட்டியும் பெரும்பாலும் கூடை சுமந்தவராகத்தான் இருப்பார். ஒரு தலைமுறைக்கு முன் டவுனுக்கு வந்துவிட்ட குடும்பம், அவ்வளவுதான். எனக்கு இதைவிட வேதனையான விஷயம் வேறில்லை.

நான் ஏழாம் தரத்தில் படித்தபோது, ஒரு பையனின் கொப்பிகளை வடிகானில் எறிந்தார்கள். நான் எறியவில்லை, நின்று சிரித்தேன். தவணை முடிவதற்குள் அவன் வருவதை நிறுத்திவிட்டான். இதை முதல் முறையாக எழுதுகிறேன்.

அதிபரைப் பார்க்கப் போங்கள். உங்களுக்கு அரைப்பேர் ஆகிவிடும், பாதி நாள் கூலி போய்விடும் என்று தெரியும். ஆனாலும் கணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். எந்தத் திகதி, எந்த இடம், யார், என்ன செய்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி, கடிதமாகக் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் மலசலகூடப் பக்கம் எந்த ஆசிரியர் நிற்பார் என்று கேட்டுப் பதில் வாங்குங்கள். அந்தப் பையன்களுக்குப் பிரம்படி கொடுக்கச் சொல்லாதீர்கள். பாடசாலையில் உடல் தண்டனையைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கையே தடுக்கிறது. அடி வாங்கியவன் அந்தக் கோபத்தை உங்கள் மகனிடம்தான் தீர்ப்பான். எல்லோர் முன்னிலையிலும் கைகுலுக்கிச் சமாதானமாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இது இரு பக்கச் சண்டை அல்ல. அதிபரும் கைவிட்டால் வலயக் கல்வி அலுவலகம் இருக்கிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்குக் கட்டணமின்றி எந்நேரமும் பேசலாம்.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: ஐந்து பேர் அடித்ததைப் பார்க்காத ஆசிரியர், இவன் திருப்பி அடிக்கும் ஒரே ஒரு அடியைப் பார்த்துவிடுவார்.

கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்து போன பையனிடம் வருகிறேன். கனடாவில் ஆய்வாளர்கள் விளையாட்டு மைதானங்களில் கமெரா வைத்துப் பார்த்தார்கள். சக மாணவர் ஒருவர் குறுக்கிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் பத்து விநாடிக்குள் கொடுமை நின்றுவிட்டது. 2001இல் வெளியான ஆய்வு அது. உங்களுக்கு அந்த ஒருவன் பக்கத்து லயத்திலேயே இருக்கிறான். இன்று இரவே அவன் அம்மாவைப் போய்ப் பாருங்கள். பாதி ரொட்டி கொடுத்தது உங்களுக்குத் தெரியும் என்று அவனிடமே சொல்லுங்கள். நாளையிலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில் போகட்டும், இடைவேளையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடட்டும். அதிபரைப் பார்த்த பிறகு எனக்கு எழுதுங்கள்.