வெள்ளைத் தாளில் நிற்கும் கார்

கேள்வி: கார் கம்பெனி ஒன்றில் டிசைனராக இருக்கிறேன். முகப்பு விளக்கு, கதவுக் கைப்பிடி என்று துண்டு துண்டாகத்தான் வேலை வருகிறது. இரவில் பழைய கார்களை வரைகிறேன். பார்ப்பவர்கள் "அச்சு அசல்" என்கிறார்கள். விலை மட்டும் யாரும் கேட்பதில்லை. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் வரையலாமா? கம்ப்யூட்டரே நொடியில் படம் போட்டுத் தரும் காலத்தில் இது பைத்தியக்காரத்தனமா? வீட்டுக் கடன் ஓடுகிறது. மனைவி "உங்க இஷ்டம்" என்கிறார். மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: தம்பி, "உங்க இஷ்டம்" என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாதத் தவணைக் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

படங்களைப் பார்த்தேன். ஸ்டாண்டர்டு ஹெரால்டின் வளைவுகள் பிசிறில்லாமல் வந்திருக்கின்றன. ஆனால் மூன்று கார்களும் வெள்ளைத் தாளில் அந்தரத்தில் நிற்கின்றன. அது டிசைன் ஸ்டூடியோ பழக்கம். அங்கே காரை மட்டும் காட்டினால் போதும். அதனால்தான் உங்கள் பம்பரும் செத்துக் கிடக்கிறது. பம்பரின் பளபளக்கும் குரோம் பூச்சுக்கென்று சொந்த நிறம் ஏது? மேலே வானத்தின் நீலம், நடுவே அடிவானத்தின் இருண்ட கோடு, கீழே தரையின் பழுப்பு. இந்த மூன்றையும் சரியாக வைத்தால் பம்பர் தானே மின்னும். எதிரே ஒன்றுமில்லாத கார் எதைப் பிரதிபலிக்கும்?

அமெரிக்காவின் ஆர்ட் ஃபிட்ஸ்பாட்ரிக்கைத் தேடிப் பாருங்கள். உங்களைப் போல அவரும் டிசைனர்தான். ஹாலிவுட்டில் டேரின் என்பவரிடம் பேக்கார்டு கார்களுக்கு வேலை செய்தவர். பிறகு விளம்பர ஓவியத்துக்கு வந்து, 1959 முதல் 1971 வரை பான்டியாக் கார்களை வரைந்தார். காரை மட்டும்தான் அவர் தொடுவார். கடற்கரை விடுதி, துறைமுகம், சிரித்து நிற்கும் மனிதர்கள் எல்லாம் கூட்டாளி வான் காஃப்மன் வேலை. அவர் டிஸ்னியில் அனிமேஷன் செய்தவர். தனக்கு எது கைவராதோ அதற்கு ஆள் வைத்துக்கொண்ட இந்தச் சாமர்த்தியம் எனக்குப் பிடிக்கும். உங்களுக்கும் இடம் வரையத் தெரிந்த ஒரு நண்பர் கிடைக்காமலா போவார்?

கம்ப்யூட்டர் பயத்துக்கும் பதில் அங்கேயே இருக்கிறது. மற்ற கம்பெனிகள் புகைப்படத்துக்கு மாறிக்கொண்டிருந்தபோதும் பான்டியாக் ஓவியத்தை விடவில்லை. 'வைட் டிராக்' என்று சக்கரங்களை அகல வைத்து விற்ற காரை, ஃபிட்ஸ்பாட்ரிக் இருப்பதைவிடவும் அகலமாக வரைந்தார். அச்சு அசலுக்கு கேமரா போதும். காரைப் பார்க்கும் ஆசைக்கு அவர் கை தேவைப்பட்டது. எண்பது வயதைத் தாண்டியபின் அமெரிக்கத் தபால் துறைக்கு 1950களின் கார்களைத் தபால்தலைகளாக வரைந்தும் கொடுத்தார். ஒரு எச்சரிக்கை: விளம்பரத்தில் அகலத்தைக் கூட்டலாம். சொந்த காரை வரையச் சொல்பவரிடம் அது நடக்காது, வீல்கப்பில் ஒரு கோடு தவறினாலும் கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொரு அமெரிக்க டிசைனர் சிட் மீட் கதையும் உங்களுக்கு உதவும். 1959இல் படிப்பை முடித்து ஃபோர்டில் சேர்ந்தவர், இரண்டு வருடத்தில் வெளியே வந்துவிட்டார். ஆனாலும் யு.எஸ். ஸ்டீல் போன்ற கம்பெனிகளுக்குப் படம் வரைந்து காலூன்றிய பிறகு, 1970இல்தான் சொந்த நிறுவனம் தொடங்கினார். 'பிளேட் ரன்னர்' என்ற ஹாலிவுட் சினிமாவுக்கு அவர் வடிவமைத்த பறக்கும் காரெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

ஆகவே இப்போதைக்கு ராஜினாமா வேண்டாம். வேலை ஒப்பந்தத்தில் வெளிவேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆபீஸில் வரைந்த, இன்னும் சந்தைக்கு வராத எதையும் மறந்தும் யாரிடமும் காட்டாதீர்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடும் இடங்களுக்குப் போய், ஒருவரிடமாவது அவர் காரை அவர் வீட்டு வாசலிலேயே, சாயங்கால வெயிலில் வரைந்து தருவதாகச் சொல்லுங்கள். பாதிப் பணத்தை முன்பணமாகக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அந்தக் காருக்கு ஒரு விளக்கு வாங்க அவர் எவ்வளவு செலவழித்திருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.