கும்மி அடித்தால் ஞாபகம் தெளியுமா?

கேள்வி: அக்காவுக்கு 38 வயது, நான்கு வருடமாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். இப்போது கடைக்கணக்கு கூட்டவே தடுமாறுகிறாள். நடனம் உதவும் என்கிறார்களே, உண்மையா?
- வாசகி, செங்கோட்டை

பதில்: அக்காவின் தடுமாற்றத்தைக் கவனக்குறைவு என்று யாரும் சொல்ல விடாதீர்கள். நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை சேதமாவதால் மூளைக்குள் செய்தி மெதுவாகப் போகிறது, இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு யோசிக்கும் வேகமோ ஞாபகமோ குறைகிறது. நடனம் மருந்துக்கு மாற்று இல்லை, இதில் நடந்த ஆய்வுகளும் சிறியவைதான். ஆனாலும் ஆடச் சொல்வேன். நம்ம ஊர்க் கும்மியோ மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஆடும் திருவாதிரக்களி நடனமோ, அடுத்த அடியை நினைவில் வைத்து, தாளத்தைக் காதில் வாங்கி, பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து கைதட்டித் திரும்ப வேண்டும், எல்லாம் ஒரே நேரத்தில்! சும்மா நடக்கும்போது மூளைக்கு இவ்வளவு வேலை ஏது?

முதலில் நரம்பியல் மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேளுங்கள். அப்புறம் சூடு. உடல் சூடானால் அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும், உடற்பயிற்சி செய்தால் இந்த நோயாளிகளுக்குப் பார்வை கொஞ்ச நேரம் மங்குவதை 1890-லேயே ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் எழுதிவைத்தார், சூடுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அதனால் காலை வேளையில், ஃபேன் காற்றில், பத்து நிமிடம் போதும். சாரல் காலம் என்றால் இன்னும் நல்லது. கால் தள்ளாடினால் நாற்காலியில் உட்கார்ந்தே கைதட்டட்டும். தடுமாற்றம் திடீரென்று கூடி ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.